கேட்டதுபோலத் தலையாட்டுகிறவர்கள்

மருந்துக்கடைக்காரர் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக் கவரில் போடுகிறார். "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி. சரியா பெரியவரே?" அவர் முகத்தில் மாஸ்க். தலைக்கு மேல் மின்விசிறி, முதுகுக்குப் பின்னால் பஸ் போகும் சாலை. பெரியவர் தலையாட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொள்கிறார். அவர் காதில் விழுந்தது 'சாப்பாட்டுக்கு' என்பது மட்டும்தான். முன், பின் இரண்டும் காற்றோடு போயின. திரும்பக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாகிவிட்டது, வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள்.

வயதானால் காது மந்தமாகும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த மந்தத்தை வெளியே தெரியாமல் சமாளிக்கும் சாமர்த்தியம்தான் அதைவிட அதிகக் கேடு செய்கிறது. இது பல வீடுகளில் யாருக்கும் உறைப்பதில்லை, அந்தப் பெரியவர் உட்பட.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கேட்டல் பற்றிய முதல் உலக அறிக்கையின்படி, ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் 150 கோடிக்கும் மேல். அவர்களில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவைப்படுகிறது. 60 வயதைக் கடந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைத் தொந்தரவு செய்யும் அளவுக்குக் குறைவு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், இந்திய சராசரி 8.6. அதற்குப் பிறகு இந்த விகிதம் ஏறித்தான் இருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு இந்தக் குறை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காது மெஷின் வைத்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது.

இந்தக் குறை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட காக்ளியாவுக்குள் ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்கான மின்சாரமாக மாற்றுவது இவைதான். மனிதருக்கு இந்தச் செல் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. கீச்சென்ற உயர்ந்த சுருதி ஒலிகளைப் பிடிக்கும் செல்கள் சுருளின் வாசலில் இருக்கின்றன. வயதும் இரைச்சலும் முதலில் அடிப்பது அவற்றைத்தான். கட்டையான ஒலிகளுக்கான செல்கள் உள்ளே வெகுகாலம் நன்றாகவே இருக்கும்.

விளைவு விசித்திரமானது. பேச்சின் சத்தத்தைத் தருபவை பெரும்பாலும் உயிரொலிகள், அவை கட்டையானவை. பேச்சின் பொருளைப் பிரித்துக் காட்டுபவை மெய்யொலிகள். அவற்றில் ச, ஸ, த போன்றவை மெலிந்தவை, உயர்ந்த சுருதியில் இருப்பவை. ஆகவே யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. உயிரொலிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'உ'வும் 'இ'யும் கீழ்ச் சுருதியில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். 'இ'யை 'இ' என்று காட்டும் பகுதி 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அந்தப் பகுதி போனவருக்கு மருந்துக்கடைக்காரரின் 'முன்'னும் 'பின்'னும் நெருங்கிவிடுகின்றன. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ள பேசறீங்க" என்று அப்பா சொல்வது வீம்பு அல்ல. அவர் அனுபவத்தில் அது உண்மை.

இன்னொரு குழப்பமும் உண்டு. மெதுவாகப் பேசினால் "என்ன?" என்கிறார். சத்தம் போட்டால் "ஏன் கத்தற, நான் என்ன செவிடா?" என்கிறார். மருமகளுக்கு இது வேண்டுமென்றே செய்வதுபோலத் தெரியும். காரணம் வேறு: செல்கள் கெட்ட காதில் மெல்லிய ஒலி கேட்பதில்லை. ஆனால் பலத்த ஒலி முன்பு போலவே, சில சமயம் முன்பைவிடக் கூர்மையாக, உறைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிவிட்டது. கத்துவதால் அந்த இடைவெளி விரிவதில்லை.

இனி அந்தச் சாமர்த்தியத்துக்கு வருவோம். காது குறைந்தவர் யாரும் சொல்லித் தராமலே ஒரு முழுப் பாடத்திட்டத்தைக் கற்றுக்கொள்கிறார். எல்லாரும் சிரிக்கும்போது அரை நொடி தாமதமாகச் சிரிப்பது. கேள்வி வருமுன் தானே பேச்சைப் பிடித்துக்கொண்டு, விட்டுக்கொடுக்காமல் நீட்டிக்கொண்டே போவது (வளவளவென்று பேசும் பெரியவர்களில் சிலர் உண்மையில் கேட்பதைத் தவிர்க்கிறார்கள்). போன் அடித்தால் பேரனிடம் நீட்டுவது. கல்யாண வீட்டில் ஓரத்து நாற்காலி. வாய் அசைவைப் படிப்பது. எதற்கும் பொருந்தும் "ஆமா, ஆமா, அதான்."

இவை அமைதியான அறையில், ஒரே ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசும்போது அற்புதமாகப் பலிக்கும். மருத்துவரின் அறை அப்படிப்பட்ட இடம்தான். கதவு சாத்தியிருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, டாக்டர் முகத்தைப் பார்த்து நிறுத்திக் கேட்கிறார், கேள்விகளும் பழகியவை: தூக்கம் எப்படி, பசி எப்படி. பெரியவர் பிசகாமல் பதில் சொல்கிறார். "உங்க அப்பாவுக்குக் காதெல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று டாக்டர் சொல்ல, அழைத்து வந்த மகனின் புகார் அங்கேயே தள்ளுபடி. கருவி வைத்து அளக்காமல், பேசிப் பார்த்து மட்டும் 'கேட்கிறது' என்று சொல்லும் எந்தத் தீர்ப்பையும் ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து.

வாய் அசைவைப் படிப்பதற்கும் எல்லை உண்டு. பேச்சொலிகளில் பாதிக்கும் குறைவானவையே உதட்டில் தெரியும். 'பாடு' என்பதையும் 'மாடு' என்பதையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் கிடையாது. 2020-இல் கொரோனாவுக்காக எல்லாரும் மாஸ்க் போட்டபோதுதான் பலருக்கு இது புரிந்தது. அதுவரை தாங்கள் காதால் கேட்கிறோம் என்று நினைத்திருந்தவர்கள், பாதியைக் கண்ணால்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குறை தொடங்கியதற்கும் கருவி மாட்டுவதற்கும் இடையே ஏழு முதல் பத்து ஆண்டுகள் போகின்றன என்று இந்தத் துறையில் சொல்வார்கள். வசதியும் காப்பீடும் உள்ள நாடுகளின் நிலைமை இது. இந்த ஆண்டுகளில் காது மட்டும் கெடுவதில்லை. காதிலிருந்து போதிய செய்தி வராத மூளை, சொற்களைப் பிரித்தறியும் பழக்கத்தை மெல்ல இழக்கிறது. ஒரு காதுக்கு மட்டும் கருவி வைத்தவர்களில் சிலருக்கு, கருவியில்லாத காது சொற்களை அடையாளம் காணும் திறன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்ததை 1980-களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பத்து ஆண்டு சமாளித்துவிட்டு எழுபத்தைந்தில் மெஷின் வாங்குபவருக்கு அது பாதிப் பலன்தான் தருகிறது என்றால், மீதிப் பாதி அந்தச் சமாளிப்பின் விலை.

மறதி நோய் (டிமென்ஷியா) பற்றிய பேச்சு இங்கே வந்தாக வேண்டும், ஆனால் நிதானமாக. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிராங்க் லின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 639 பேர் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டிருந்தார்கள். லேசான காது மந்தம் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, நடுத்தரம் என்றால் மூன்று மடங்கு, கடுமை என்றால் ஐந்து மடங்கு. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், தவிர்க்கக்கூடிய அபாயக் காரணிகள் பதினான்கைப் பட்டியலிட்டு, உலகின் டிமென்ஷியாவில் 7 சதவீதத்தைக் காது மந்தத்தின் கணக்கில் எழுதியது. இவ்வளவும் தொடர்பைக் காட்டுகின்றன. ஒன்றினால் மற்றொன்று வருகிறது என்று நிரூபிப்பதில்லை. மெஷின் வைத்தால் மறதி நிற்குமா என்று நேரடியாகச் சோதித்தது 2023-இல் வெளியான அச்சீவ் ஆய்வு. 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேர், மூன்று ஆண்டுகள். மொத்தமாகப் பார்த்தால் கருவி வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் மறதியில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இதய நோய் அபாயம் போன்றவை ஏற்கெனவே அதிகமாக இருந்த பிரிவினரில், அறிவுத்திறன் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது.

ஆகவே "மெஷின் வாங்காவிட்டால் மறதி நோய் வரும்" என்று பயமுறுத்தும் விளம்பரம் அளவுக்கு மீறிச் சொல்கிறது. மறுபக்கம், நம் வீடுகளில் உடனடியாக நடக்கும் தவறு வேறு. காது கேளாததையே மறதி என்று எடுத்துக்கொள்கிறோம். "நேத்துதானே சொன்னேன், மறந்துட்டியாப்பா?" மறக்கவில்லை, அவருக்கு அது வந்து சேரவேயில்லை. நினைவாற்றலைச் சோதிக்கும் வழக்கமான சோதனைகளும் வாயால் கேட்கப்படுபவை. மூன்று சொல்லைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்கிறார்கள். சொல்லும்போதே சரியாக விழாத சொல்லை யார் திருப்பிச் சொல்வார்கள்? காதைச் சோதிக்காமல் எடுத்த மறதிச் சோதனையை நம்பி மாத்திரை தொடங்கக் கூடாது.

கீழே விழுவதும் இந்தக் கணக்கில் சேரும். லேசான மந்தம் உள்ளவர்களிடம்கூட, ஓராண்டுக்குள் விழுந்தவர்கள் மூன்று மடங்கு அதிகம் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-இல் காட்டியது. பின்னால் வரும் பைக்கின் சத்தம் கேட்காததை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சார ஸ்கூட்டர் நல்ல காதுக்கே அவ்வளவாகக் கேட்பதில்லை.

விசைத்தறிகள் ஓடும் சோமனூர், பல்லடம், குமாரபாளையம் பக்கம் போனால், காது மந்தமாக அறுபது வயது வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. விசைத்தறிக் கூடத்துக்குள் பேச முடியாது. கையைக் காட்டியும் வாயை அசைத்துமே வேலை நடக்கும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பாதுகாப்பின் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம்தான். தறி ஓட்டுபவர் நிற்பது முழு ஷிப்ட். இரைச்சலால் வரும் காது மந்தத்தைத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோயாகவே சேர்த்திருந்தது. நடைமுறையில் காதுக்கு வைப்பது கொஞ்சம் பஞ்சு. சைகையிலும் வாய் அசைவிலும் முப்பது வருடம் பழகியவருக்குச் சமாளிக்கும் கலை முன்பே கைவந்திருக்கிறது. அதனால் அவரது குறை வீட்டாருக்குத் தெரிய இன்னும் தாமதமாகும்.

சில மருந்துகளும் காதைக் கெடுக்கும். காசநோய்க்கும் கடும் தொற்றுக்கும் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், அமிக்கசின், ஜென்டமைசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை இதில் பேர்போனவை. உயிர் காக்க அவை தேவைப்படலாம். ஆனால் சிகிச்சையின்போது காதில் இரைச்சல் தொடங்கினால், அதை வயதின் மேல் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் காது மந்தம் அதிகம். கண்ணையும் காலையும் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்பவர்கள் காதைச் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் அடுத்த பத்தியை வையுங்கள்.

இரவு நன்றாகப் படுத்தவர், காலையில் ஒரு காது அடைத்ததுபோல எழுந்திருக்கிறார். அல்லது போனை வழக்கமான காதில் வைத்தால் எதுவும் கேட்கவில்லை. சளி பிடித்திருக்கும், குறும்பி அடைத்திருக்கும் என்று வீட்டில் வெதுவெதுப்பாக எண்ணெய் விடுகிறார்கள். இன்னொரு காது இருப்பதால் சமாளிக்கவும் முடிகிறது. இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. அது குறும்பியாக இருக்கலாம். திடீர் நரம்புக் காது மந்தமாகவும் இருக்கலாம். மூன்று நாட்களுக்குள் விழும் இந்தக் குறைக்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு, மாத்திரையாகவோ செவிப்பறை வழியே ஊசியாகவோ. அது பலிக்கும் வாய்ப்பு முதல் இரண்டு வாரங்களில்தான் அதிகம், நாள் தள்ளத் தள்ளச் சரியும். சர்க்கரை உள்ளவருக்கு அளவைக் கண்காணித்தபடி கொடுப்பார்கள். ஒரு காது திடீரென்று போனால் அது அவசர நோய். அன்றே, தவறினால் மறுநாளே, இ.என்.டி. டாக்டரிடம் போக வேண்டும்.

எண்ணெய் பற்றி இரண்டு வரி. செவிப்பறையில் ஓட்டை இருப்பது பலருக்குத் தெரியாது; அந்தக் காதில் விடும் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்கலாம். பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு எல்லாம் குறும்பியை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். முதியவர்களின் குறும்பி காய்ந்து இறுகிவிடும். அதை எடுத்ததுமே கேட்கும் திறன் பாதி திரும்பியவர்கள் இருக்கிறார்கள், ஆகையால் மெஷினுக்கு ஆர்டர் கொடுக்குமுன் காதுக்குள் பார்த்தாக வேண்டும்.

சில நூறு ரூபாய்க்கு இணையத்திலும் கடைவீதியிலும் விற்கும் 'காது மெஷின்'களில் பெரும்பாலானவை வெறும் ஒலிபெருக்கிகள். அவை எல்லாச் சுருதியையும் ஒன்றாகத் தூக்கிவிடும். பெரியவருக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் மின்விசிறியின் உறுமல் இன்னும் உறுமும், கேட்காத 'ச' கேட்காமலே இருக்கும். நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டு "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று தூக்கிப் போடுகிறார். அதன் பிறகு நல்ல கருவியையும் அவர் தொடமாட்டார். இந்த மலிவுச் சாமானின் உண்மையான நஷ்டம் அதுதான்.

ஆடியோகிராம் எடுத்து, எந்தச் சுருதியில் எத்தனை டெசிபல் குறைவு என்று பார்த்து, அதற்கேற்ப ட்யூன் செய்த கருவியும் முதல் வாரத்தில் தொல்லைதான் தரும். சொந்தக் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். செய்தித்தாளைப் புரட்டினால் காது கூசும், மிக்சி ஓடினால் எழுந்து ஓடத் தோன்றும். பல ஆண்டுகளாக இந்த ஒலிகளைக் கேட்காத மூளைக்கு எதை ஒதுக்குவது என்று மறந்துபோயிருக்கிறது. முதலில் வீட்டுக்குள், ஒருவரோடு பேசும்போது, நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம். பிறகு டிவி, பிறகு தெரு, கடைசியாகக் கல்யாண மண்டபம். பழக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். நடுவில், காதை அளந்து கருவி பொருத்தும் ஆடியாலஜிஸ்டிடம் இரண்டு மூன்று முறை போய் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்தத்தைச் செய்து தராத கடையில் வாங்கக் கூடாது. நேராக மண்டபத்துக்குள் போட்டுக்கொண்டு போனவரின் மெஷின் அன்றிரவே பீரோவுக்குள் போகும்.

சின்ன விஷயங்களும் மெஷினைச் சாகடிக்கின்றன. பொத்தான் போன்ற துத்தநாக-காற்று பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்ததுமே அது தீரத் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் உரித்து வைப்பவர்கள் உண்டு. உரித்த பிறகு ஒரு நிமிடம் காற்றுப் பட விட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வியர்வையும் புழுக்கமும் கருவியின் முதல் எதிரிகள். பேரக்குழந்தை கைக்கு அந்தப் பேட்டரி எட்டக் கூடாது, விழுங்கினால் ஆபத்து.

பணம் தடையென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி வழங்கும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டம், வருமானம் குறைந்த முதியோருக்கான 2017-ஆம் ஆண்டு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் ஆகியவற்றில் கருவி கிடைக்க வழி உண்டு. தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். கொடுக்கும் முகாமில் ட்யூன் செய்து தருகிறார்களா, பழுது பார்க்க எங்கே போவது என்பதையும் கையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டார் மாற்றிக்கொள்ள வேண்டியவை சில. அடுக்களையிலிருந்து கூப்பிட்டுப் பேசக் கூடாது. முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே வந்து, பெயர் சொல்லி அழைத்துவிட்டுப் பேச வேண்டும். ஒருமுறை புரியாத வாக்கியத்தை அதே சொற்களில் இன்னும் சத்தமாகச் சொல்வதைவிட வேறு சொற்களில் சொல்வது நல்லது. மருந்து, தேதி, பணம் இந்த மூன்றும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். பேசுவதை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும் செல்போன் செயலிகள் தமிழிலும் உள்ளன, பேரன் சொல்லித் தர ஐந்து நிமிடம் போதும். எல்லாவற்றிலும் மோசமானது "விடுப்பா, ஒண்ணுமில்ல" என்று பாதியில் கைவிடுவது. அதைப் பத்து முறை கேட்டவர் பதினோராவது முறை "என்ன?" என்று கேட்பதை நிறுத்திவிடுவார். வீட்டாரும் "இப்போ பரவாயில்லை, முன்ன மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கறதில்ல" என்று நிம்மதி அடைவார்கள்.

அறுபது தாண்டியவர் உங்கள் வீட்டில் இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். டிவியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். அவருக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், உதடு தெரியாதபடி நில்லுங்கள். ஒரு காதை விரலால் மூடித் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூச்சை முழுக்க விட்டுவிட்டு, மூன்று எண்களைக் கிசுகிசுப்பாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தவறினால் வேறு மூன்று. மறு காதுக்கும் அப்படியே. ஏதாவது ஒரு காதில் ஆறில் மூன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை என்றால், ஆடியோகிராம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த வாரமே அழைத்துப் போங்கள். வெளியே பெஞ்சில் காத்திருக்காமல் கூடவே உள்ளே போய், டாக்டர் சொல்வதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.